தணல் சட்டிக்குள் வந்த பிள்ளை

பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நின்றவர்கள் அக்கா, அத்தான், அம்மா, நான். அக்காவை ஒப்பரேசன் அறைக்குள் கொண்டுபோகும்போது ஒருவரைத்தான் கூட விட்டார்கள். பச்சை அங்கியைப் பின்முன்னாகப் போட்டுக்கொண்டு அத்தான் போனார். அம்மாவும் நானும் வெளியே கதிரையில் இருந்தோம். இல்லாதவர்கள் இரண்டு பேர். அப்பா துறைமுகத்தில் லொறி வரிசையில் நின்றார், கொள்கலன் ஏற்றாமல் வரிசையை விட்டு வெளியே வர ஏலாது. மற்றவர் அத்தானின் அம்மா, எங்களுக்கு மாமி. அவர் ரொறன்ரோவில் இருந்தார். தன் மருமகள் பிள்ளைத்தாச்சி என்பதே அவருக்குத் தெரியாது.

தெரியாமல் போனதற்குக் காரணம் இருந்தது. அக்காவுக்குக் கலியாணமாகி ஏழு வருசம். இடையில் இரண்டு தரம் தங்கவில்லை. முதல் தரம் எல்லாருக்கும் சொல்லி, மாமி பஸ்ஸில் வந்த ஆரோ ஒருவரிடம் பெட்டி நிறையப் பலகாரம் கொடுத்தனுப்பிய பிறகு, மூன்றாம் மாதம் போனது. இரண்டாம் தரம் நாலாம் மாதம். அப்போது மாமி தொலைபேசியில் ஒன்று கேட்டார்: "இன்னும் எத்தினை தரம் பிள்ளை எங்களைப் பாத்துக்கொண்டிருக்க வைக்கப்போறாய்?" அவர் அதைக் கவலையில் கேட்டாரோ, கோவத்தில் கேட்டாரோ, அக்கா போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள்.

மூன்றாம் தரம் அவள் தீர்மானமாகச் சொன்னாள்: "பிள்ளை கையிலை வந்தாப் பிறகுதான் ஆருக்கும்."

அம்மா உடனே சம்மதித்தார். அவருக்கு அது கண்ணூறு விசயம். அத்தான் மட்டும் இரண்டு தரம் மெதுவாக, "அம்மாவுக்கு மட்டும் சொல்லுவமே" என்றார். அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு அவர் கேட்கவில்லை.

மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் எல்லாரும் ஒரே கட்டிடம். மேல்மாடியில் அக்காவும் அத்தானும், நடுமாடியில் நாங்கள், கீழே ஒரு ஹெயிட்டிக்கார அம்மா. வயிறு தெரியத் தொடங்கியபோது குளிரும் தொடங்கிவிட்டது. இந்த ஊரின் பனிக்கால மேலங்கிக்குள் இரட்டைப் பிள்ளைகளையும் மறைக்கலாம். அக்காவுக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் கிடங்கின் கந்தோரில் வேலை. கடைசி மாதங்களில் வீட்டிலிருந்தே செய்ய விட்டார்கள். கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். கேட்டவர்களுக்கு அம்மா, "அவளுக்கு நாரி நோ" என்று இடுப்பு வலியைச் சாட்டாகச் சொன்னார். கந்தசட்டிக்கு நாரி நோ, திருவெம்பாவைக்கு நாரி நோ, தைப்பொங்கலுக்கும் நாரி நோ. தை கடைசியில் பெடியன் பிறந்தான்.

அத்தான் ஆஸ்பத்திரி நடையில் நின்று தாய்க்குப் போன் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"அம்மா, பெடியன் பிறந்திருக்கிறான்."

"ஆருக்கு?"

"எனக்குத்தான் அம்மா."

"ம். ரண்டு பேரும் சுகமோ?" என்று கேட்டு, ஓம் என்றதும் வைத்துவிட்டார். அத்தான் போனைப் பார்த்தபடி நின்றார். அந்த 'ஆருக்கு' இனி எங்களைச் சும்மா விடாது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஒரு கிழமைக்குள் கதை வந்து சேர்ந்தது. வாங்கின பிள்ளையாம். இல்லை, இந்தியாவில் வாடகைக்குப் பெத்த பிள்ளையாம். மூன்றாவது கதைதான் அப்பாவுக்குப் பிடித்தது: பிள்ளை என்னுடையதாம், எனக்கும் ஒரு கியூபெக் பெட்டைக்கும் பிறந்ததாம், குடும்ப மானத்துக்காக அக்கா எடுத்து வளர்க்கிறாளாம்.

"இவனோ?" என்று அப்பா சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். "கடையிலை காசு வாங்கிற பெட்டைக்குப் பிரெஞ்சிலை மெர்சி சொல்லவே வேர்க்கிறவன்."

சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது. மாமி அத்தானிடம், "பிள்ளையின்ரை கடதாசி எல்லாம் ஒழுங்கா இருக்கோ?" என்று கேட்டிருந்தார். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, பிள்ளைப்பேற்றுத் தீட்டு நீங்கும் நாள். வீடு கழுவி, ஐயர் வந்து, தகப்பன் பக்கத்து ஆட்கள் வந்து பிள்ளையைத் தூக்குவார்கள். அன்றைக்குத் தகப்பனைப் பெற்றவர் வராவிட்டால் இரண்டு நகரத்திலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அவரே தன் பேரன் இல்லை என்று சொல்லிவிட்டார். அக்கா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது காலண்டரைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் என் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழை விட்டது அதுதான். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்பு. அக்கா பள்ளிக்கூடம் முடிந்த கையோடு வேலைக்குப் போனதால்தான் நான் தொடர்ந்து படித்தேன். அப்படிப் போய் நான் எடுத்தது சரித்திரம். அந்தத் தவணை நான் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை, இங்கிலாந்தில் காணாமல் போன, ஒளித்து வைக்கப்பட்ட அரச வாரிசுகளைப் பற்றிய கதைகள். ஆராவது கேட்டால் அப்பா, "அவன் இங்கிலிஸ் ராசாக்களின்ரை துலைஞ்ச பெடியளைத் தேடுறான். அம்பிட்டால் சம்பளம் வரும்" என்பார்.

அந்த நாட்டில் அப்படிக் கதைகள் நிறைய. லண்டன் கோட்டைக்குள் சித்தப்பன் கொண்டுபோய் வைத்த இரண்டு சிறுவர்கள், பிறகு ஒருவரும் காணவில்லை. உடலைக் காட்டாததால் நாடு அவர்களைச் சாக விடவில்லை. சில வருசத்தில் ஒரு சாதாரண தொழிலாளியின் மகனுக்கு நடை உடை பழக்கி, அதே கோட்டையிலிருந்து தப்பின இன்னொரு அரச வாரிசு என்று அயர்லாந்தில் முடியே சூட்டினார்கள். பிடிபட்டபோது அரசன் அவனைக் கொல்லவில்லை, தன் குசினியில் இறைச்சி சுடும் கம்பியைச் சுற்ற விட்டான். கலியாணமே கட்டாத ராணிக்கு நான் மகன் என்று சொல்லிக்கொண்டு ஸ்பெயினில் ஒருவன் வந்து நின்றான்.

ஆனால் என் கட்டுரையின் நடு, தணல் சட்டிக் கதை. முந்நூற்று முப்பது வருசத்துக்கு மேல் இருக்கும். ஒரு அரசன், அவனுக்கு இரண்டாம் மனைவி. அவளுக்குப் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. கன வருசம் கழித்து ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. அரசனின் சமயம் நாட்டுக்குப் பிடிக்காது, அவனுக்கு வாரிசு வருவதும் பிடிக்காது. உடனே ஒரு கதை கிளம்பியது: ராணிக்குப் பிள்ளையே பிறக்கவில்லை, வேறு ஆரோ பெற்றதைத் தணல் சட்டிக்குள் வைத்து அறைக்குள் கொண்டுவந்தார்கள் என்று. தணல் சட்டி என்றால் படுக்கையைச் சூடாக்குவதற்குத் தணல் போட்டு விரிப்புக்குள் தள்ளும், மூடியும் நீளப் பிடியும் உள்ள பித்தளைச் சட்டி. ஒரு பிள்ளை அதற்குள் அடங்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. மாறாக, அரண்மனையின் வரைபடம் போட்டு, சட்டி எந்த வாசலால் வந்து எந்த நடையால் போனது என்று புள்ளிக்கோடு போட்டு விற்றார்கள். பிறப்பு நடந்தபோது அறைக்குள் ஒரு சபையே நின்றது. அரசன் அவர்களில் நாற்பதுக்கு மேற்பட்டவர்களைக் கூப்பிட்டுச் சாட்சி எடுத்து அச்சடித்தான். நம்ப விரும்பாதவர்கள் அதையும் நம்பவில்லை. சில கிழமைக்குள் அவன் நாட்டை விட்டு ஓடினான்.

இதைப் படித்த எவனும் சாட்சி எடுக்கக்கூடாது என்றுதான் படித்திருப்பான். நான் வேறு மாதிரிப் படித்தேன். அரசன் செய்த பிழை பிந்தியதுதான் என்று நினைத்தேன். பிள்ளை பிறந்து நாலு மாதம் கழித்து அவன் செய்ததை நான் பத்து நாளுக்குள் செய்தால் சரிவரும்.

ஆறு பக்கம். ஆஸ்பத்திரிக் கைப்பட்டியின் படம். பச்சை அங்கியில் அத்தான். ஐந்தாம் மாத ஸ்கான் படம், திகதியோடு. அம்மாவின் வாக்குமூலம் மூன்று வரி, என்னுடையது ஒரு பக்கம். கீழ்வீட்டு அம்மாவிடமும் போனேன். அவர் சிரித்துக்கொண்டு பிரெஞ்சில் சொன்னார், கோடையிலேயே தனக்குத் தெரியும், அக்கா படியால் இறங்கும்போது கையை எங்கே வைத்துக்கொண்டு இறங்கினாள் என்று பார்த்தாலே போதும் என்று. அதை மொழிபெயர்த்துப் போட்டேன். எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி, இரண்டு பக்கத்துச் சொந்தமும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் விட்டேன். அக்காவைக் கேட்கவில்லை. அவளுக்கு உதவி செய்கிறேன் என்று முழுதாக நம்பினேன்.

முதலில் வந்தது ஒரு கும்பிட்ட கை. பிறகு ஒருவர் எழுதினார்: "எங்கடை பிள்ளையளுக்கு ஒருத்தரும் பிடிஎஃப் போடேல்லை." இன்னொருவர்: "உண்மை எண்டால் ஏன் தம்பி இவ்வளவு பாடு?" பின்னேரம் மாமி குழுவை விட்டு வெளியேறினார். இரவு அத்தானுக்குச் செய்தி வந்தது, முப்பத்தொண்டுக்குத் தான் வரவில்லை என்று.

அக்கா மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வெட்டின காயத்தோடு, வெளிப்படியில் பனிக்கட்டி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. வந்து என் அறை வாசலில் நின்றாள்.

"உன்ரை அசைன்மென்ருக்கு என்ரை வயிறோ கிடைச்சது?"

"அக்கா, நான் ஆதாரத்தை…"

"என்ரை பிள்ளைக்கு ஆதாரம் கேக்கினம் எண்டு அழுதுகொண்டிருக்கிறன். நீ எடுத்துக் குடுக்கிறாய். கேட்டது சரி எண்டல்லோ அர்த்தம்?"

அந்த ஸ்கான் படத்தை அவள் தன் பணப்பையில் வைத்திருந்தவள், அத்தானுக்குக்கூட அடிக்கடி காட்டுவதில்லை. நான் அதைப் போனில் படம் பிடித்ததே அவள் நித்திரையாக இருந்தபோது. அப்பாதான் எழுந்து வந்து, "மேலை போ பிள்ளை, குளிர்" என்று அவளைப் பிடித்துக்கொண்டு போனார். திரும்பி வந்து என்னிடம், "உந்த ராசாவுக்குப் பேந்து என்ன நடந்தது?" என்று கேட்டார். "ஓடிட்டான் அப்பா" என்றேன். "நீ ஓடாதை" என்றார்.

பத்தொன்பதாம் நாள் ரொறன்ரோ பஸ் எடுத்தேன். ஒரு கடதாசியும் கொண்டுபோகவில்லை.

மாமி கதவைத் திறந்து என் கையைத்தான் முதலில் பார்த்தார்.

"என்ன தம்பி, இன்னும் கடதாசி இருக்கோ?"

"இல்லை மாமி. சும்மா வந்தனான்."

"சும்மாவோ? ஆறு மணித்தியாலம் பஸ்ஸிலையோ? உள்ளுக்கு வா, சப்பாத்தைக் கழட்டு."

தேத்தண்ணி தந்தார், வடை தந்தார். எதிரே இருந்து என் சாப்பாட்டைப் பார்த்தார். பிறகு தானாகவே தொடங்கினார்.

"கீழ்வீட்டுக்காரியும் சாட்சி சொல்லியிருந்தவ. வாசிச்சனான். அவவுக்கு ஆவணியிலையே தெரியும். பிள்ளையின்ரை தகப்பனைப் பெத்த எனக்குத் தை கடைசியிலை தெரியும், அதுவும் போனிலை."

நான் வடையைக் கீழே வைத்தேன். அந்தப் பிடிஎஃப்பில் நான் பெருமையாகச் சேர்த்த பக்கம் அது.

"நீ என்ன படிக்கிறாய்? உன்ரை கொம்மா சொன்னவ, ராசாக்களின்ரை பிள்ளையளைப் பற்றியாம்."

பேச்சை மாற்றினால் நல்லது என்று தணல் சட்டிக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். மாமி கவனமாகக் கேட்டார். சட்டி எவ்வளவு பெரிசு என்று கையால் காட்டச் சொன்னார். காட்டினேன். "இதுக்குள்ளையோ? விசர் சனம்" என்றார். பிறகு கேட்டார்: "வீட்டு ஆக்கள் ஒருத்தரும் நிக்கேல்லையோ?"

"அரசனுக்கு முதல் தாரத்திலை இளைய மகள் ஒருத்தி இருந்தவ மாமி. அவ அண்டைக்கு இல்லை. சுகமில்லை எண்டு வேறை ஊருக்குப் போட்டா. அவதான் கடைசி வரைக்கும் நம்பேல்லை."

"ஏனாம்?"

"ராணி பிள்ளைத்தாச்சியா இருக்கேக்கை ஒருநாளும் வயித்தைத் தொட்டுப் பாக்க விடேல்லையாம். தமக்கைக்கு அப்பிடித்தான் கடிதம் எழுதினவ."

"பின்னை அவள் என்னெண்டு நம்புறது?" மாமியின் குரல் உயர்ந்துவிட்டது. "நாப்பது பேர் நிண்டால் எனக்கென்ன, நானூறு பேர் நிண்டால் எனக்கென்ன? என்னை விடேல்லையே!"

என் கட்டுரையில் அந்த இளவரசியைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. அரியணை ஆசையில் நம்பாதது போல் நடித்தாள் என்று எழுதியிருந்தேன். நான் வாசித்தவை பெரும்பாலும் அப்படித்தான் சொல்லின. அவளுக்கு மனம் நொந்திருக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

"உங்களுக்குச் சொல்லாமல் விட்டது பிழை மாமி."

"நீ சொல்லாதை. அவள் ஏன் சொல்லேல்லை?"

"அவ பயந்தவ."

"ஆருக்கு?"

"உங்களுக்குத்தான்."

மாமி எழுந்து குசினிக்குள் போனார். இன்னொரு தேத்தண்ணி வரும் என்று நினைத்தேன். அலுமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. மிளகு, மல்லி, நற்சீரகம், வேர்க்கொம்பு, உள்ளி என்று ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி காய்ச்சும் சாமான். பழைய நூல்சேலை ஒன்றையும் எடுத்து நீளமாகக் கிழித்தார்.

"நாளைக்கு முதல் பஸ் எத்தினை மணிக்கு?"

வரும் வழியில் கிங்ஸ்டன் ஊரைத் தாண்டியபோது மாமி யன்னலைப் பார்த்தபடி கேட்டார்: "வெட்டினதோ, சுகப்பிரசவமோ?"

"வெட்டினது மாமி."

அக்கா கட்டிலில் இருந்தாள். பிள்ளை பக்கத்தில், அம்மா கால்மாட்டில். மாமியைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். மாமி பிள்ளையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அதைத் தூக்கு" என்று என்னிடம் சொன்னார். "நீ படு பிள்ளை. வயிறு கட்டினதோ?"

"இல்லை மாமி. அம்மாவுக்குப் பயம், காயம் எண்டு."

"நான் பாத்துக் கட்டுறன். ஆம்பிளையள் வெளியாலை."

அத்தானும் நானும் பிள்ளையோடு நடையில் நின்றோம். கதவு முழுதாகச் சாத்தவில்லை. சேலைத்துணி உதறும் சத்தம். பிறகு மாமியின் குரல்:

"ஐயோ பிள்ளை. இவ்வளவு நீளத்துக்கோ?"

அக்கா அழத் தொடங்கினாள். அத்தான் கதவை நோக்கி ஒரு அடி வைத்தார். அம்மா உள்ளிருந்து கையைக் காட்டி நிறுத்தினார்.

"சொல்லியிருந்தால் நான் அண்டைக்கே வந்திருப்பனே. நிண்டிருப்பனே."

"நீங்கள் ரண்டாந்தரம் போனிலை சொன்னது மனசிலை இருந்தது மாமி. இன்னும் எத்தினை தரம் பாத்துக்கொண்டிருக்க வைக்கப்போறாய் எண்டு."

"நானோ? அப்பிடியோ கேட்டனான்?" துணி இழுபடும் சத்தம். "கேட்டிருப்பன். என்ரை வாய்."

பிறகு, துணியை இழுத்து முடியும்போது வரும் மூச்சோடு: "நோகுதோ? சொல்லு, இளக்கி விடுறன்."

பிள்ளை என் கையில் நித்திரை. கதைகளில் வரும் வாரிசுகளுக்கு எங்காவது ஒரு மச்சம், ஒரு அடையாளம் இருக்கும். இவனுக்கு ஒன்றுமில்லை, நான் ஏற்கெனவே தேடிப் பார்த்திருந்தேன். மாமி வெளியே வந்து இவனை வாங்கி முகத்தைக் கன நேரம் பார்த்தார்.

"ஆரைப் போல அம்மா?" என்று அத்தான் கேட்டார்.

"ஆரையும் போல இல்லை. வளரட்டும், பாப்பம்" என்று சொல்லித் தோளில் போட்டுக்கொண்டார். அடுத்த பதினொரு நாளும் இவன் அந்தத் தோளை விட்டு இறங்கவில்லை.

முப்பத்தொண்டைச் சின்னதாக, வீட்டோடு செய்ய அக்கா நினைத்திருந்தாள். மாமி விடவில்லை. ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு பெயர் எழுதத் தொடங்கினார். யார் இவர்கள் என்று அக்கா கேட்டாள்.

"இவனைப் பற்றி நான் ஆருக்கெல்லாம் போனிலை கதைச்சனோ அவையள். அத்தினை பேரும் வந்து பாக்கட்டும்."

"மாமி, இவ்வளவு பேருக்கோ கதைச்சனீங்கள்?"

"இன்னும் லண்டன் ஆக்களை எழுதேல்லை."

லண்டனை விட்டாலும் அறுபத்து மூன்று பேர் வந்தது. எங்கள் மேல்மாடி தாங்காது. பக்கத்துப் பிரெஞ்சுத் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தை எடுத்தோம். ரொறன்ரோவிலிருந்து இரண்டு வான். அன்றைக்குப் பார்த்து முதல்நாள் கொட்டின பனியை அள்ளும் நாள். வான் சாரதிகள் பிரெஞ்சு அறிவிப்பை வாசிக்காமல் தெருவில் விட்டுவிட்டு வந்தார்கள், வண்டிகளை எடுக்கச் சொல்லிச் சங்கு ஊதியது, ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டு வானையும் அடுத்த தெருவுக்கு இழுத்துப்போய்த் தண்டத்தோடு விட்டிருந்தார்கள். மண்டபத்துக்குள் மாமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போனார். ஒவ்வொரு மேசையிலும் ஒரே வசனம்: "என்ரை மருமேளுக்கு வெட்டினது. இவ்வளவு நீளம்." கையால் காட்டினார். மேசைக்கு மேசை அது கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. அக்கா தலையைக் குனிந்து சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இதைப் பிடிஎஃப் ஆக்காதை" என்றாள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவள் என்னோடு நேரே கதைத்த முதல் பகிடி அது.

எல்லாரும் போன பிறகு மாமி செலவுக் கணக்குக் கேட்டார். அத்தான், "விடுங்கோ அம்மா, நான் பாக்கிறன்" என்றார்.

"நான் கதைச்சதுக்கு நீ ஏன் குடுக்கிறாய்?"

"நான் சொல்லாமல் விட்டதாலைதானே மாமி நீங்கள் கதைச்சனீங்கள்" என்றாள் அக்கா. "பாதி என்ரை."

மாமி கொஞ்சம் யோசித்து, "சரி, பாதி" என்றார். மண்டபம், சாப்பாடு, ஐயர், இரண்டு வான், பனி அள்ளின தண்டம் எல்லாம் சேர்த்து அத்தான் போனில் கூட்டினார்: மூவாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு டொலர். ஆளுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்று.